மூன்று கொக்கி, மூன்று சாவி

இந்த நாற்காலி காலிதான், உட்காருங்கள் அண்ணாச்சி. மாப்பிள்ளை வீட்டுக்காரரா? நல்லது. நான் இரண்டு வீட்டுக்கும் உறவு இல்லை. மேடையில் பட்டு வேட்டியோடு விறைப்பாக நிற்கிறாரே பெண்ணின் அப்பா, அவரோடு ஒரு கப்பலில் இருந்தவன். ஏழு மாதம் பதினொரு நாள். அவர் அதிகாரி, நான் சீஃப். சீஃப் என்றால் மாலுமிகளில் மூத்தவன். அதிகாரிகளுக்குக் கீழே, மற்ற எல்லாருக்கும் மேலே. பெயர் அணைஞ்சபெருமாள். திருச்செந்தூர்ப் பக்கம். இரண்டு பஸ் மாறி, பதினொரு மணி நேரம் உட்கார்ந்து இந்தப் பொள்ளாச்சிக்கு வந்திருக்கிறேன்.

வாழ்த்துவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்த்து பெண்ணுக்கு. அதைச் சொல்லியாயிற்று. அவரிடம் எனக்கு வேறு பேச்சு இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாகத் தொண்டையில் நிற்கிற பேச்சு. அதைச் சொல்லாமல் இன்றைக்கு இந்த மண்டபத்தை விட்டு இறங்குவதில்லை.

நான் பேசுகிற ஆள் இல்லை. என் வீட்டில் கேட்டால் தெரியும். நீங்கள் முன்பின் தெரியாதவர், அதனால்தான் வருகிறது.

பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது, பார்த்தீர்களா? ‘கமாண்டர் நந்தகோபால், ஓய்வு’. கமாண்டர்! அதற்கு மேலே கேப்டன் என்று ஒரு படி இருக்கிறது. அந்தப் படிக்கு இவர் பெயர் மூன்று தடவை போயிற்று. மூன்று தடவையும் வரவில்லை. இவரைவிட மட்டமானவர்கள் எல்லாம் கேப்டன் ஆகி, அதற்கு மேலும் போய்விட்டார்கள். இவர் கோப்பில் மட்டும் ஒரு காகிதம். அந்தக் காகிதம் அங்கே இருக்க வேண்டியதே இல்லை. தானாகப் போய் அதை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டார். யார் கேட்டது? யாராவது கேட்டார்களா? அதுதான் என் கோபம்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். இவர் எங்கள் கப்பலுக்கு வந்தபோது வயது இருபத்து மூன்று. சப் லெப்டினன்ட். அதிகாரிகளில் கடைக்குட்டி. அந்தப் பதவி என்ன பாடு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. வெள்ளை உடுப்பும் தொப்பியும்தான் தெரியும். மாலுமிக்கு லீவு வேண்டுமா, சப் லெப்டினன்ட். மாலுமியின் பெண்டாட்டி கடிதம் எழுதியிருக்கிறாளா, சப் லெப்டினன்ட். கயிறு அறுந்தாலும் அவர், கழிப்பறை அடைத்தாலும் அவர். மேலே இருப்பவர்கள் திட்டுவார்கள். கீழே இருக்கிற நாங்கள் சல்யூட் அடித்துக்கொண்டே சிரிப்போம். இத்தனைக்கும் நடுவில் டிக்கெட் வாங்க வேண்டும். பஸ் டிக்கெட் இல்லை. கடலில் ஓடுகிற கப்பலைத் தனியாக நின்று நடத்த இவருக்குத் தகுதி உண்டு என்று கேப்டன் கையெழுத்துப் போட்டுத் தருகிற சான்று. அது கிடைத்தால்தான் அந்தப் பிள்ளை மனுஷன். கிடைக்காதவரை அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வந்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போடுவார். “கயிறு எத்தனை இருக்குதுங்க சீஃப்?” என்பார். மாலுமியிடம் போய் ‘ங்க’ போடுகிற அதிகாரியை என் சர்வீஸில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சரி, அது அவர் ஊர்ப் பேச்சு. ஆனால் இவருக்கு இன்னொரு வியாதி இருந்தது. நான் எண்ணியதை மறுபடி எண்ணுவார்.

அண்ணாச்சி, நான் பத்தாவதோடு நின்றவன். கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் எண்ணிக்கையில் என்னை மிஞ்ச அந்தக் கப்பலில் ஆள் கிடையாது. எதையும் எண்ணுவேன், எண்ணியதைச் சின்ன நோட்டில் நேரத்தோடு தமிழில் எழுதுவேன். என்னைப் போய் சோதிப்பதா? ஒரு நாள் உயிர் காக்கும் சட்டைகள். நூற்று அறுபத்து நாலு என்றேன். இவர் தனியாகப் போய் எண்ணிவிட்டு வந்து, “ஒண்ணு குறையுதுங்களே சீஃப்” என்றார். முப்பது பேர் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் இறக்கி, தளத்தில் வரிசையாகப் பரப்பி, அவர் கண் முன்னாலேயே எண்ணினேன். நூற்று அறுபத்து நாலு. அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றினார். “தப்பு என்னுதுங்க சீஃப். மன்னிச்சிடுங்க” என்றார். முப்பது பேர் முன்னால்! ஓர் அதிகாரி மாலுமியிடம் மன்னிப்புக் கேட்டால் அதற்குப் பிறகு கப்பலில் என்ன ஒழுங்கு இருக்கும்?

நானும் விடவில்லை. “இனிமே நான் எண்ணினதை எண்ணாதீங்க சார்” என்றேன். “எண்ண மாட்டேனுங்க” என்றார். அதோடு எண்ணவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை. அங்கேதான் வந்தது வினை.

அப்போது கிழக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் நிற்கிறோம். மறுநாள் அட்மிரல் பார்வையிட வருகிறார். கப்பல் முழுக்க பெயின்ட் வேலை. இவர்தான் அன்றைக்குக் கப்பலுக்குப் பொறுப்பான டியூட்டி அதிகாரி. நான் டியூட்டி சீஃப். கேங்வே என்று சொல்வோம், கரையிலிருந்து கப்பலுக்கு ஏறுகிற பலகை. அதன் தலைமாட்டில் ஒரு மேஜை. மேஜைக்குப் பின்னால் ஒரு பலகையில் மூன்று கொக்கி, மூன்று சாவி.

இந்தச் சாவி விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். கப்பலின் மாஸ்ட், அதாவது அந்த உயரமான மரம், இப்போது இரும்புதான், அதன் மேலே மூன்று ரேடார். அதில் ஒன்றின் கை இந்த மேடை அகலம் இருக்கும். அது சுற்ற ஆரம்பித்தால் எதிரில் இருப்பதை அடித்துக்கொண்டுதான் சுற்றும். அதனால் யார் மாஸ்டில் ஏறினாலும் முதலில் மூன்று சாவியையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். சாவி அவனோடு மேலே இருக்கிறவரை கீழே ஒருத்தராலும் ரேடாரை ஓட்ட முடியாது. இறங்கி வந்து சாவியை மாட்டினால் மாஸ்ட் காலி என்று அர்த்தம்.

அன்றைக்குக் காலை ஒன்பது ஐம்பதுக்கு ரேடார் மெக்கானிக் ஒருவன், வடக்கத்திப் பையன், மூன்று சாவியையும் வாங்கிக்கொண்டு ஏறினான். பதினொன்று இருபதுக்கு இறங்கி வந்து மாட்டினான். கையெழுத்துப் போட்டான். பதினொன்று முப்பதுக்கு ரேடார்க்காரர்கள் சோதனை ஓட்டம் கேட்டார்கள். இவர் மேஜைக்கு வந்து, “சீஃப், மாஸ்ட் கிளியருங்களா?” என்றார். நான் பலகையைப் பார்த்தேன். மூன்று கொக்கி, மூன்று சாவி. “கிளியர் சார். மூணுக்கு மூணு” என்றேன்.

என் எண்ணிக்கை தப்பா? சொல்லுங்கள். மூன்று சாவி இருந்ததா இல்லையா? இருந்தது. இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

இவர் ஒரு தடவை தலையைத் தூக்கி மேலே பார்த்திருக்கலாம். கழுத்து சுளுக்கியா கிடந்தது? பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்துவிட்டு, “சரிங்க சீஃப்” என்று சொல்லி, ஓட்டச் சொல்லிவிட்டார்.

மேலே லியோன் இருந்தான்.

லியோன் மணப்பாட்டுப் பையன். எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் நடுவில் பத்துப் பதினைந்து மைல். கப்பலில் என்னிடம் தமிழில் பேசுகிற மாலுமி அவன் ஒருத்தன்தான். ரேடாருக்குப் பின்பக்கம் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து பார்த்தால் தெரியும், பார்த்திருந்தால். ரேடாரின் கை வந்து இடது தோளில் அடித்தது. பெல்ட்டில் தொங்கினான். இறக்குவதற்கு ஒன்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஒன்பது நிமிஷத்தையும் நான் எண்ணினேன். வேறென்ன செய்ய?

என்ன கேட்கிறீர்கள்? அவன் எப்படி மேலே போனானா? மாஸ்டில் ஏணி இருக்கிறது அண்ணாச்சி, ஏணியில் போனான்.

இருங்கள், முக்கியமானதைச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் இவர் என் அறைக்கு வந்தார். “உங்க நோட்டைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?” என்றார். கொடுத்தேன். அன்றைய பக்கத்தைப் பிரித்தார். மொத்தம் ஆறு வரி. ஆறு வரியைப் படிக்க ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மூடி என் கையில் கொடுத்து, “இதை மறைக்கச் சொல்ல மாட்டேன். காட்டச் சொல்லவும் மாட்டேனுங்க. பத்திரமா வச்சுக்குங்க” என்றார். போய்விட்டார். இது என்ன அதிகாரம் செய்கிற முறை? அதிகாரி என்றால் இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். மாலுமியின் தலையில் பாரத்தை வைத்துவிட்டுப் போவதா?

மூன்று அதிகாரிகள் உட்கார்ந்து விசாரணை. நாலு நாள். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டார்கள். சாவி மூன்றும் பலகையில் இருந்தனவா என்று கேட்டார்கள். இருந்தன, சார். கையெழுத்து இருந்ததா? இருந்தது, சார். கேட்டதற்குப் பதில். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. கடைசியில் ‘வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா’ என்றார்கள். அது ஒரு கேள்வியா? வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பது மாதிரி, வாயில் வருவது. இல்லை, சார் என்று சல்யூட் அடித்து வந்தேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் லியோனிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். அந்தப் பயல், ‘யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் ஏறினேன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டான். பொய்! அப்பட்டமான பொய். அப்படி எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? உத்தரவு இல்லாமல், சாவி இல்லாமல் ஏறியவன். அவன் காயத்துக்கு அவனே பொறுப்பு. தோள் போனவனுக்குக் கப்பலில் வேலை இல்லை. ஓய்வூதியமும் இல்லாமல் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு வயதில்.

நாலாம் நாள் காலையில் நம் ஆள் எழுந்தார். “லியோன் தானாக ஏறவில்லை. என் உத்தரவின் பேரில்தான் ஏறினான். எத்தனை பேர் இன்னும் மேலே இருக்கிறார்கள் என்று நான் கேட்காதது என் தவறு” என்று சொல்லிவிட்டார். விசாரணை முடிந்தது. லியோனுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. இவருக்கு டிக்கெட் இல்லை. இன்னும் பதினொரு நாளில் கேப்டன் கையெழுத்துப் போட இருந்தார், அண்ணாச்சி, பதினொரு நாள். ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். பதவி மூப்பில் ஆறு மாதம் வெட்டினார்கள். அந்தக் காகிதம் கோப்பில் ஏறியது. வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். கேங்வேயில் இறங்கும்போது எனக்குக் கை கொடுத்தார். நான் பிடித்தேன். பிடிக்காமல் என்ன செய்ய?

இவர் உத்தரவு கொடுக்கவே இல்லை, அண்ணாச்சி! லியோன் மேலே இருப்பதே இவருக்குத் தெரியாது. மூன்று அதிகாரிகள் முன்னால், சட்டையில் கடற்படைப் பொத்தானை வைத்துக்கொண்டு பொய் சொன்னார். ‘சீஃப் கிளியர் என்று சொன்னார், ஓட்டினேன்’ என்று ஒரே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அது உண்மை. அதைச் சொல்லியிருந்தால் என்னை மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். மறுபடி கேட்டிருப்பார்கள். நானும்...

என்ன? நானும் என்ன என்கிறீர்களா?

அதோ வருகிறான் பாருங்கள், நீலச் சட்டை. அவன்தான் லியோன். இடது கையை நெஞ்சுக்கு மேலே தூக்க மாட்டான். மணப்பாட்டில் படகு எஞ்சின் சாமான் கடை வைத்திருக்கிறான். மூன்று பிள்ளைகள். “சீஃப், கப்பல்காரங்க எல்லாரையும் போட்டோவுக்கு சார் கூப்பிடுறார், வாங்க” என்கிறான். பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், வெட்கம் கெட்டவன். நீ போடா, வருகிறேன்.

கேட்டுவிடப் போகிறேன் அண்ணாச்சி. எல்லார் முன்னாலும் வேண்டாம், பெண் நிற்கிறாள். காதோடு. இந்தப் பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

வந்துவிட்டேன். தண்ணீர் இருக்கிறதா? கொடுங்கள்.

பக்கத்தில் நிற்க வைத்தார். தோளில் கை போட்டார். போட்டோக்காரன் இன்னும் நெருங்கி வாங்க, இன்னும் நெருங்கி வாங்க என்கிறான். நான் வாயைத் திறந்தேன். ஏன் சார் பொய் சொன்னீர்கள் என்றுதான் கேட்க நினைத்தேன். பஸ்ஸில் பதினொரு மணி நேரம் அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். வேறு வந்துவிட்டது.

“அன்னிக்கு லியோனை மேலே அனுப்பினது நான் சார்” என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அந்த மனிதர். சிரித்த முகம் மாறாமல், “தெரியுங்க சீஃப். நோட்டுல எழுதியிருந்தீங்களே. பத்து நாப்பது, லியோன், வெள்ளை டப்பாவோட மேலே அனுப்பினேன்னு” என்றார். இருபத்தெட்டு வருஷம்! நேரம் உட்பட. ஒரு நிமிஷம் பிசகவில்லை.

“அப்ப ஏன் சார் என்கிட்டக் கேட்கலை?” என்றேன்.

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேனுங்க. நாலு நாள் பார்த்தேன். அதுக்கு மேல பையனோட பென்ஷன் போயிருமுங்களே” என்றார். அப்புறம், “கேமராவைப் பாருங்க சீஃப், கண்ணை மூடிடாதீங்க” என்றார்.

கேமராவைப் பாருங்களாம்! நான் நெஞ்சைப் பிளந்து வைக்கிறேன், இவருக்குப் போட்டோ. ஒரு திட்டு, ஒரு முறைப்பு, ஒன்றும் கிடையாது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

இறங்கி வந்தால் லியோன் நிற்கிறான். “சார்கிட்ட என்ன சீஃப் ரகசியம்?” என்றான். அவனிடமும் சொன்னேன். “ஏலே, உன்னை அனுப்பினது நான்தான்லே” என்றேன். அவன் சிரிக்கிறான். “ஏறினது நான்தான சீஃப், யார் அனுப்பினதுன்னு எனக்குத் தெரியாதா? சாவி வேண்டாமான்னு கேட்டேன். மேலே இருக்கவன்கிட்ட இருக்கு, ஓடிட்டு வாலேன்னு சொன்னீங்க” என்கிறான். பிறகு ஏன்டா அப்படி எழுதிக் கொடுத்தாய் என்றால், “ஆஸ்பத்திரியில என் கால்மாட்டுல நின்னு அழுதீங்களே சீஃப். அதைப் பார்த்த பிறகு உங்க பேரை எப்படி எழுத?” என்கிறான்.

நான் அழவில்லை அண்ணாச்சி. அந்த வார்டில் விசிறி ஓடவில்லை. வியர்வை.

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அதிகாரிக்குத் தெரியும், அடிபட்டவனுக்குத் தெரியும். அப்படியென்றால் நான் இத்தனை வருஷம் யாரிடமிருந்து அதை மறைத்துக்கொண்டிருந்தேன்? இவர் டிக்கெட் இல்லாமல் நின்ற அந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு வந்தது. மாஸ்டர் சீஃப். ஊரில் குழாய் ரேடியோ கட்டி, பாட்டுப் போட்டு விருந்து வைத்தேன். பந்தியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.

சட்டைப் பையில் பேனா வைத்திருக்கிறீர்களே, கொஞ்சம் எழுதுவீர்களா? நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும். தாள் அந்த மொய் எழுதுகிறவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கடற்படைத் தலைமையகத்துக்கு என்று போடுங்கள். விலாசம் நான் பிறகு விசாரித்துக்கொள்கிறேன்.

தெரியும், தெரியும். இவர் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆயிற்று. இனி யாரும் கேப்டன் ஆக்கப் போவதில்லை. எனக்கு வேண்டுமானால் ஏதாவது வரும், ஓய்வூதியத்தில் கை வைப்பார்கள். வைக்கட்டும். கோப்பில் ஒரு காகிதம் தப்பாக இருக்கிறது, அண்ணாச்சி. வேறொருவர் பெயரில் இருக்கிறது.

எழுதுங்கள். இன்றைய தேதி. ‘அன்று மாஸ்டில் ஏறியவர்கள் இரண்டு பேர். இரண்டாவது ஆளைச் சாவி இல்லாமல் அனுப்பியவன் நான். சாவியை எண்ணினேன், ஆளை எண்ணவில்லை. சப் லெப்டினன்ட் நந்தகோபால் அவர்களுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.’ போட்டுவிட்டீர்களா? ஒரு தடவை படியுங்கள்.

அடுத்த வரி என்ன எழுதுகிறீர்கள்? ‘விசாரணையில் என்னை யாரும் கேட்காததால்’ என்றா? நான் அப்படியா சொன்னேன்? அதை அடியுங்கள். நன்றாக, தெரியாதபடி அடியுங்கள்.

கேட்டார்கள்.